பாதி இதழ், பாதி மகரந்தத்தாள்

மூன்று வாரமாக என் மகளின் அறிவியல் நோட்டு சாப்பாட்டு மேஜை மேலேயே கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரித்தால் வலது பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய ஒரு செம்பருத்தி, இதழ் இதழாகப் பிரித்தது. காய்ந்து கருஞ்சிவப்பாகித் தாளில் ஊதாக் கறை விட்டிருக்கிறது. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ‘தவறான பூ’ என்று இரண்டு சொல்.

ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடம் அது. ஒரு செம்பருத்தியைக் கொண்டுவந்து, பாகம் பாகமாகப் பிரித்து ஒட்டி, பெயர் எழுதி, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். பெரம்பூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு தொட்டியில் அடுக்குச் செம்பருத்தி இருக்கிறது. காலை ஆறரைக்கு அந்த வீட்டு அக்காவிடம் கேட்டு, இருப்பதிலேயே பெரிய பூவாகப் பார்த்துப் பறித்து வந்தாள். பிரிக்க உட்கார்ந்தால் இதழ் வந்துகொண்டே இருந்தது. ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் முப்பதுக்கு மேல் எண்ணினாள். புத்தகப் படத்தில் நடுவே நீட்டிக்கொண்டு நிற்குமே ஒரு தண்டு, அது இதில் இல்லை. கடைசியில் ‘மகரந்தத்தாள் வட்டம்’ என்று எழுதிய கட்டத்துக்குள் அவள் ஒட்டியது ஒரு குட்டிச் சிவப்பு இதழை. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். ஆசிரியை பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “பரீட்சையில ஒற்றைப் பூதான் வரும் மேடம். அடுக்குப் பூவுல பாகம் காட்ட முடியாது.” ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க வேண்டிய அவர் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் செரிக்கவில்லை. இந்த மூன்று வாரத்தில் நானும் மகளும் அறுத்துப் பார்த்த பூக்கள் எல்லாம் எனக்கு நேர் எதிராகச் சொல்கின்றன. பூவின் பாகம் என்றால் என்ன என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அந்த அடுக்குப் பூதான்.

பிளேடும் ஒற்றைச் செம்பருத்தியும்

முதலில் ஆசிரியை கேட்ட பூவையே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஒற்றைச் செம்பருத்தி நான்கு வாங்கிவந்தேன். நான் பள்ளியில் மனப்பாடம் செய்த வரிகள் இன்னும் மறக்கவில்லை. புல்லி வட்டம் மொட்டைப் பாதுகாக்கும். அல்லி வட்டம் பூச்சிகளைக் கவரும். மகரந்தத்தாள் வட்டம் ஆண் பாகம். சூலக வட்டம் பெண் பாகம். முழு மதிப்பெண் வாங்கித் தந்த வரிகள். ஆனால் ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிகளைத் தேடியது இதுதான் முதல் தடவை.

காம்பிலிருந்து ஆரம்பித்தோம். பச்சைக் கிண்ணம் போல ஐந்து நுனிகளோடு ஒட்டியிருப்பது புல்லி வட்டம். அதற்கும் கீழே மெல்லிசாக ஆறேழு பச்சை இழைகள் சுற்றி நின்றன. படத்தில் இல்லாத இவை என்ன என்று மகள் கேட்டாள். புறப்புல்லி வட்டம் என்று பெயர், செம்பருத்திக் குடும்பத்தில் நிறையச் செடிகளுக்கு இது உண்டு. அடுத்து ஐந்து இதழ். ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல், அதன் ஓரம் அதற்கடுத்ததன் மேல் என்று சுற்றிக்கொண்டே போய் முதலாவதில் வந்து முடிகிறது. இந்தச் சுற்றைப் பார்த்ததும் அவள் “விசிறி மாதிரி” என்றாள்.

பிறகு நடுத்தண்டு. இத்தனை வருஷம் அதை ஒரே பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். பிளேடால் நீளவாக்கில் லேசாகக் கீறியதும் மேல்தோல் பிளந்து, உள்ளே தனியாக ஒரு வெள்ளை இழை வந்தது, பாவாடை நாடாவை இழுத்தால் வருவது போல. வெளியே இருந்த குழல், மகரந்தத்தாள்கள் எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொண்டதால் உண்டானது. அதன் மேல்பாதியில் குட்டிக் குட்டிக் கம்பிகள், ஒவ்வொன்றின் முனையிலும் சிறுநீரக வடிவில் மஞ்சள் பை. உள்ளே வந்த இழைதான் சூலகத்தண்டு. அது குழலின் வாய்வழியே வெளியேறி, ஐந்தாகப் பிரிந்து, முனைகளில் வெல்வெட் பொட்டு வைத்தது போல ஐந்து சூலகமுடி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் இருந்திருக்கிறது. நானோ அதை ஒரே கோடாக வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அடியில் இருந்த சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை. அதைப் பார்த்ததும் அவள் ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து ஒரு வெண்டைக்காயை நறுக்கி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். அதே ஐந்து அறை, அதே நட்சத்திரம். இரண்டும் ஒரே குடும்பம்தான். நம் ஊர்த் தோட்டத்துச் செம்பருத்தி காய்ப்பது அபூர்வம் என்பதால் அதன் சூற்பை காயாகி யாரும் பார்ப்பதில்லை. அந்தக் குறையை வெண்டைக்காய் தீர்த்துவைத்தது. கத்தரிக்காயை நறுக்கும்போது தூக்கிப்போடுகிறோமே பச்சைத் தொப்பி, அதுவும் புல்லி வட்டம்தான். பூவாக இருந்தபோது மொட்டை மூடியிருந்தது, காயான பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சூலகத்தண்டு எதற்கு இத்தனை நீளம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சூலகமுடியில் விழுந்த மகரந்த மணி முளைவிடுகிறது. அந்த முளை ஒரு குழாயாக, தண்டின் உள்ளே இறங்கி, பிறகு விதையாகப் போகும் சூல் இருக்கும் இடம்வரை வளர்ந்து போகிறது. அதற்குள் இரண்டு ஆண் அணுக்கள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடு அணுவோடு சேர்ந்து அந்தக் கருவுக்கான உணவாகிறது. இந்த இரட்டைச் சேர்க்கையை 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டுபிடித்துச் சொன்னார். தெருவில் வெயிலுக்கு இளநீர் குடிக்கிறோமே, அந்தத் தண்ணீர் இப்படி உண்டான உணவுதான். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே நான் இன்னும் நூறு பூ அறுப்பேன்.

இடம் வேறு, வேலை வேறு

இதுவரை எல்லாம் புத்தகத்தோடு பொருந்தியே வந்தது. சிக்கல் காகிதப்பூவில் ஆரம்பித்தது. சென்னையில் காகிதப்பூ இல்லாத சாலைத் தடுப்பு குறைவு. மகள் ஒன்றைப் பறித்து, “மூணு இதழ்” என்று எண்ணினாள். உற்றுப் பார்த்தால் அந்த ஊதாத் தகடு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன வெள்ளைப் பூ, நீளக் கழுத்தோடு. அதுதான் பூ. பளபளக்கும் மூன்றும் பூவடிச் செதில்கள், அதாவது பூவுக்குக் காவலாக முளைத்த இலைகள். இலைபோலவே நரம்பு ஓடுவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பார்க்கலாம். பூச்சியைக் கூப்பிடும் வேலையை இங்கே இலை செய்கிறது. அப்படியானால் ‘கவர்வது அல்லி வட்டம்’ என்ற வரியை எங்கே வைப்பது?

எங்கள் பக்கத்துக் கோயில் மதிலுக்குள் ஒரு நாகலிங்க மரம் நிற்கிறது. மரத்தண்டிலேயே பூக்கும், வாசனை தெருவரைக்கும் வரும். நடுவில் லிங்கம், மேலே படம் எடுத்த நாகம் என்று கும்பிட்டு வளர்ந்தவள் நான். கீழே விழுந்த பூ ஒன்றை எடுத்துவந்து வைத்துக்கொண்டு மகள் கேட்டாள், “நாகம் எந்த வட்டம்மா?” ஆறு இதழும் தனியாக விரிந்திருக்கின்றன. நாகம் இதழ் இல்லை. அது மகரந்தத்தாள் வட்டமே ஒரு பக்கம் நாக்கு மாதிரி நீண்டு வளைந்து குடையாகக் கவிந்தது. லிங்கத்தைச் சுற்றி ஒரு வளையமாகவும் மகரந்தத்தாள்கள் இருக்கின்றன. குடையில் இருக்கும் மகரந்தம் வண்டுக்குத் தீனி. அதைத் தின்ன வண்டு உள்ளே நுழையும்போது வளையத்தில் இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்கிறது, அதுதான் அடுத்த பூவுக்குப் போய் விதை உண்டாக்கும். ஒரே வட்டம், இரண்டு வேலை. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் கும்பிடுகிறேன். முன்னைவிட அதிக நேரம் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளைத் தட்டில்

இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கீழ்வீட்டு அக்கா தானாகவே ஒரு அடுக்குச் செம்பருத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். “பாப்பா கேட்டுக்கிட்டே இருந்துச்சு” என்றார். கரண்ட் நின்று வந்து, மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் காற்றில் பறக்காமல் இருக்க அதை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பிரித்தோம். இந்தத் தடவை நோட்டில் ஒட்டவில்லை. ஒரு பெரிய வெள்ளைத் தட்டை எடுத்து, பூவின் வெளியிலிருந்து உள்ளே போகப் போக ஒவ்வொன்றாகக் கிள்ளி, வரும் வரிசையிலேயே தட்டின் விளிம்போரமாக வட்டமாக வைத்துக்கொண்டே போனோம்.

முதல் ஐந்தும் அகலமான, ஒழுங்கான இதழ்கள். அதில் சந்தேகமே இல்லை. அடுத்தவை கொஞ்சம் குறுகல். அதற்கடுத்தவை சுருண்டு கசங்கியவை, ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, அதன் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தடிப்பு. அதற்கு இரண்டு தள்ளி, அதே இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மகரந்தப்பை. பாதிதான் இருந்தது, ஆனால் வெடித்து, உள்ளே மணி மணியாக மகரந்தம். சிவப்பு இதழின் விளிம்பில், தைத்து வைத்தது போல. இன்னும் உள்ளே போகப் போக இதழ் ஒடுங்கி, பை பெரிதானது. ஒன்று அடியில் கம்பி, மேலே ஒரு பக்கம் சிவப்புச் சிறகு, மறுபக்கம் மஞ்சள் பை. கடைசி ஆறேழு சாதாரண மகரந்தத்தாள், ஒற்றைப் பூவில் பார்த்த அதே கம்பி, அதே பை.

மகள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டாள். இதழ் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலைக் குறுக்கே வைக்கப் போவதாகச் சொன்னாள். வைத்தாள், எடுத்தாள், நகர்த்தினாள். நானும் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் பென்சிலுக்கு இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. “அம்மா, இதுக்கும் இதுக்கும் ஒரே அம்மாவா?” என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இதே கேள்வியை 1790இல் ஜெர்மன் கவிஞர் கதே கேட்டிருக்கிறார். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் எல்லாமே அடிப்படையில் ஒரே உறுப்புத்தான், இலை எப்படியோ அப்படி, இடத்துக்குத் தக்கபடி உருமாறியவை என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் அடுக்கு ரோஜாவும் உண்டு. அதாவது ஒழுங்கு தவறிய பூக்களைப் பார்த்துத்தான் ஒழுங்கான பூவை அவர் புரிந்துகொண்டார். அவர் சொன்னது சரி என்று காட்ட அறிவியலுக்கு இருநூறு வருஷம் பிடித்தது. 1991இல் தாவர மரபியல் ஆய்வாளர்கள் கோயென், மேயரோவிட்ஸ் இருவரும், ஸ்னாப்டிராகன் பூவையும் கடுகுக் குடும்பத்து ஆராபிடாப்சிஸ் செடியையும் வைத்து ஒரு விளக்கம் தந்தார்கள். ஏ, பி, சி என்று மூன்று வகை மரபணுக் கட்டளைகள். ஏ மட்டும் இருக்கும் இடத்தில் புல்லி. ஏ, பி சேர்ந்தால் அல்லி. பி, சி சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் என்றால் சூலகம். மூன்றையும் எடுத்துவிட்டால் நான்கு வட்டத்திலும் வெறும் இலை முளைக்கிறது. சி மட்டும் பழுதானால் ஏ உள்ளே பரவி, மகரந்தத்தாள் வர வேண்டிய இடத்தில் இதழ் வருகிறது. அடுக்குப் பூ என்று நாம் ஆசையாக வளர்ப்பதற்கெல்லாம் பின்னால் பெரும்பாலும் இந்த மாதிரித் தளர்வுதான். எங்கள் தட்டில் இருந்த பாதி இதழ், கட்டளை பாதியில் தளர்ந்த இடம்.

சரி, பூவுக்கு இதனால் நஷ்டமில்லையா? இருக்கிறது. இதழாக மாறிய ஒவ்வொரு மகரந்தத்தாளும் அதன் பழைய வேலையை விட்டுவிட்டது. காட்டில் இப்படி ஒரு செடி முளைத்தால் விதை குறைந்து நாளடைவில் இல்லாமல் போகும். தொட்டியில் அது பிழைத்துக்கொள்கிறது. அழகாக இருக்கிறதென்று யாரோ ஒரு கிளையை ஒடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறார்கள், அங்கே அது வேர் பிடிக்கிறது. கீழ்வீட்டு அக்காவின் செடியும் அவர் அம்மா வீட்டுக் கிளையிலிருந்து வந்ததுதான். தேனீ செய்ய வேண்டியதை அந்த அக்கா செய்திருக்கிறார். இதைத் தவறான பூ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாழைப்பூவும் ஆயாவும்

ஞாயிற்றுக்கிழமை என் அம்மா, மகளுக்கு ஆயா, வாழைப்பூ வாங்கி வந்திருந்தார். ஆயா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மடலைப் பிரித்து, சீப்பு சீப்பாகப் பூவை உருவுவதை மகள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இந்தத் தடவை பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். ஆயா ஒவ்வொரு பூவிலிருந்தும் இரண்டை எடுத்துத் தள்ளினார். ஒன்று கண்ணாடி போன்ற சின்ன இதழ். மற்றொன்று உருண்டைத் தலையோடு விறைத்து நிற்கும் நரம்பு.

“இது பேரு கள்ளன் கண்ணு. எவ்ளோ நேரம் வேக வெச்சாலும் வேகாது. கூட்டத்தோட கூட்டமா ஒளிஞ்சிருக்கும். பாத்துப் பாத்து எடுக்கணும்.”

கள்ளனை மகரந்தம் என்று பல பேர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் ஒரு பூவை எடுத்து விரித்தாள். ஒல்லியாக, பட்டையாக, பையோடு இருப்பவை சுற்றி நின்றன. நடுவில் தனியாக, உருண்டைத் தலையோடு இருந்தது ஒன்றுதான். “இது சூலகத்தண்டு, இது முடி” என்றாள். அவள் சொன்னது சரி. நாம் சமைக்கும் வாழைப்பூ குலையின் நுனியில் தொங்கும் ஆண் பூக்கள். காயாகும் பெண் பூக்கள் எல்லாம் மேலேயே சீப்பாகிவிட்டன. இந்த ஆண் பூவிலும் சூலகத்தண்டு முளைக்கிறது, ஆனால் கீழே இருக்கும் சூற்பை காயாவதில்லை. இடம் இருக்கிறது, உருவம் இருக்கிறது, வேலை இல்லை. வேலை செய்யாமல் கூட்டத்தில் நிற்பவனுக்கு நம் சமையலறை வைத்த பெயரை நினைத்து நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஆயா படித்தது மூன்றாவது வரைதான். வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பூவைப் பிரித்திருப்பார், எத்தனை ஆயிரம் தடவை சூலகத்தை மட்டும் தவறாமல் அடையாளம் கண்டிருப்பார்.

அந்த நோட்டில் நான் ஒன்றும் திருத்தவில்லை. மகள் மட்டும் அடுத்த பக்கத்தில், தட்டில் வைத்த வரிசையை அப்படியே வரைந்திருக்கிறாள். வரிசையாகப் படங்கள். முதலாவதன் கீழே ‘அல்லி’, கடைசியின் கீழே ‘மகரந்தத்தாள்’. நடுவில் இருப்பவற்றுக்குப் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்தை ஆசிரியையிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். பார்ப்பார் என்று நம்புகிறேன்.

அன்று முறத்தின் ஓரத்தில் அவள் வாழைப்பூவின் மகரந்தத்தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து. இன்னொரு பூ. ஐந்து. இதழ்களை எண்ணினாள். ஒட்டிப் பிறந்த ஐந்தும், தனியாக அந்தக் கண்ணாடி இதழ் ஒன்றுமாக ஆறு. கண்ணாடி இதழுக்கு நேரே மட்டும் மகரந்தத்தாள் இல்லாமல் காலியாக இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். “ஆயா, இங்க ஒண்ணு இருந்திருக்கணும். எங்க போச்சு?”

ஆயா குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். அந்தப் பூவை மட்டும் எடுத்து முறத்தின் மூலையில் தனியாக வைத்தார். “மீதிய எல்லாம் மோருல போடு கண்ணு, கறுத்துடும்.”